வீட்டில் இன்சுலின் ஊசி: செவிலியரிடம் கேள்வி பதில்

கேள்வி: அம்மாவுக்கு 20 யூனிட் போடுகிறோம். சிவப்பு மூடி சிரிஞ்சு கிடைக்கவில்லை. ஆரஞ்சு மூடி போதுமா?

பதில்: கூடாது. இந்தியாவில் குப்பி இன்சுலின் ஒரு மில்லிலிட்டருக்கு 40 யூனிட், 100 யூனிட் என இரு செறிவுகளில் விற்கப்படுகிறது. சிவப்பு மூடி சிரிஞ்சின் கோடுகள் முதலாவதற்கும், ஆரஞ்சு மூடியின் கோடுகள் இரண்டாவதற்கும் உரியவை. 40 செறிவுள்ள மருந்தை ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 20 வரை இழுத்தால், உடலில் சேர்வது 8 யூனிட்தான். இதன் மறுதலை இன்னும் கொடியது: 100 செறிவுள்ள மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 வரை இழுத்தால் 50 யூனிட் உள்ளே போய், சர்க்கரை அபாயகரமாகத் தாழ்ந்துவிடும். குப்பியின் செறிவை வாசிக்காமல் சிரிஞ்சைக் கையில் எடுக்காதீர்கள்.

கேள்வி: ஸ்பிரிட் தடவ வேண்டுமா?

பதில்: சோப்பு போட்டுக் கழுவிய தோலுக்குத் தேவையில்லை. தடவினால், காய்ந்த பிறகு குத்துங்கள்.

கேள்வி: தொப்புளுக்கு வலப்புறம் ஒரே இடத்தில் போட்டால் வலிப்பதில்லை. ஏன் மாற்றச் சொல்கிறார்கள்?

பதில்: அங்கே கொழுப்பு தடித்துக் கட்டியிருக்கும், அதனால்தான் வலிப்பதில்லை. அந்தக் கட்டியிலிருந்து மருந்து ஒருநாள் குறைவாகவும் ஒருநாள் மிகுதியாகவும் இரத்தத்தில் கலப்பதால், சர்க்கரை காரணமின்றி ஏறி இறங்கும். ஒவ்வொரு முறையும் முந்தைய இடத்திலிருந்து ஒரு விரலளவேனும் தள்ளிப் போடுங்கள். நல்ல தோலுக்கு மாறும்போது பழைய அளவே மிகையாகிவிடக்கூடும் என்பதால், மாறுமுன் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: சர்க்கரை 280. எத்தனை யூனிட் கூட்டலாம்?

பதில்: உங்கள் மருத்துவரைக் கேளுங்கள்.

கேள்வி: எங்கள் ஊரில் மின்சாரம் அடிக்கடி போகிறது. மண்பானையில் வைக்கலாமா?

பதில்: வைக்கலாம். ஈரம் புகாத உறையில் இட்டு, நீர் நிறைந்த பானைக்குள் வைத்த சிறு கலத்தில் நிழலில் வையுங்கள்.

கேள்வி: செவிலியரே பானை வைத்தியம் சொல்வதா? குளிர்பெட்டி இல்லாவிட்டால் மருந்து வீண்தானே?

பதில்: வீண் அல்ல. திறக்காத குப்பிக்குத்தான் 2 முதல் 8 டிகிரி வேண்டும். திறந்த குப்பி, வெப்பம் மிகாத அறையில் பொதுவாக நான்கு வாரம் தாங்கும். பானை நீர் ஆவியாகும்போது வெப்பத்தை இழுத்துக்கொள்வதால் உள்ளே சில டிகிரி குறைகிறது. காற்றில் ஈரம் மிகுந்த கடற்கரை ஊர்களில் பலன் குறையும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பனிக்கட்டி அறையில் உறைந்துபோன குப்பியைத்தான் வீண் என்பேன்; உருகினாலும் அதைப் பயன்படுத்தக் கூடாது.

கேள்வி: குளிர்பெட்டி இல்லை, என்ன செய்வது?

பதில்: மேலே இருமுறை சொல்லியாயிற்று.

கேள்வி: இன்சுலின் போடும் பேனா வடிவக் கருவி பழுது. அதன் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் இழுக்கலாமா?

பதில்: முதல் பதிலை மீண்டும் வாசியுங்கள். நம் கடைகளில் கிடைக்கும் பேனாக் குழல்கள் பொதுவாக 100 செறிவுடையவை.