கடைசி நான்கு பேரில் ஒருவராக இருக்கும்போது ஏஸ்-ஜாக்கியை மடித்தது கோழைத்தனமா?

நீங்கள் சொன்ன நிலவரம் இது. நண்பர்களுக்குள் பணம் வைக்காமல் ஆடும் டெக்சாஸ் ஹோல்டம் போட்டி, அதாவது ஆளுக்கு இரண்டு சீட்டும் நடுவில் ஐந்து பொதுச் சீட்டும் வைத்து ஆடும் போக்கர். முதல் மூன்று இடங்களுக்கு 50, 30, 20 புள்ளிகள், நான்காவதாக வெளியேறுபவருக்கு ஒன்றும் கிடையாது. மிச்சமிருந்த நால்வரிடமும் ஆளுக்கு 10,000 சிப், பிளைண்ட் (சீட்டைப் பார்க்கும் முன்பே இருவர் கட்டாயமாகப் போடும் சின்ன, பெரிய தொகை) 500/1,000. பட்டனில், அதாவது சீட்டு போடுபவர் இடத்தில், இருந்தவர் ஆல்-இன் என்று எல்லாவற்றையும் நடுவில் தள்ளினார். சின்ன பிளைண்ட் போட்டவர் மடித்துவிட்டார், அதாவது சீட்டைக் கைவிட்டு விலகினார். பெரிய பிளைண்டில் ஏஸ்-ஜாக்கி வைத்திருந்த நீங்களும் மடித்தீர்கள். அவர் சிரித்துக்கொண்டே ராஜா-எட்டைத் திருப்பிக் காட்டினார். அன்றிலிருந்து உங்களைப் பயந்தாங்கொள்ளி என்கிறார்கள்.

மடித்தது சரிதான். உங்கள் நண்பர்கள் கேலி செய்வது சிப் கணக்கை வைத்து, நீங்கள் ஆடியதோ புள்ளிக்காக.

முதலில் அவர்கள் கணக்கையே பார்ப்போம். அவர் தள்ளிய 10,000, சின்ன பிளைண்டின் 500, நீங்கள் ஏற்கெனவே போட்ட 1,000 என்று நடுவில் 11,500 கிடக்கிறது. ஏற்பதற்கு நீங்கள் இன்னும் 9,000 போட வேண்டும். 9,000-ஐ 20,500-ஆல் வகுத்தால் 44 சதவீதம். அதாவது நூற்றுக்கு 44 தடவை ஜெயித்தாலே சிப் கணக்கில் நட்டமில்லை. ஏஸ்-ஜாக்கிக்கு அந்த அளவு வாய்ப்பு கண்டிப்பாக உண்டு. முதல் பரிசு மட்டுமே இருக்கும் போட்டியானால் நானும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்றிருப்பேன்.

உங்கள் போட்டியில் மூன்று இடங்களுக்குப் புள்ளி உண்டு. சிப்பைப் புள்ளியாக மாற்றிப் பார்க்க ஐசிஎம் என்று ஒரு கணக்குமுறை இருக்கிறது. இது பிறந்த இடம் போக்கர் மேசை அல்ல, குதிரைப் பந்தயம். ஒவ்வொரு குதிரையும் முதலில் வரும் வாய்ப்பு தெரிந்தால் இரண்டாவது, மூன்றாவதாக வரும் வாய்ப்பை எப்படிக் கணக்கிடுவது என்று ஹார்வில் என்ற புள்ளியியலாளர் 1973-இல் ஒரு கட்டுரையில் எழுதினார். போக்கர் நூலாசிரியர் மேசன் மால்முத் 1980-களில் அதே வழியைப் போக்கர் போட்டிக்குக் கொண்டுவந்தார். கிண்டிப் பந்தயச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு தலையைச் சொறிந்தவர்களுக்கு உதவியிருக்க வேண்டிய சூத்திரம், நமக்குச் சீட்டாட்டத்தின் வழியாக வந்து சேர்ந்திருக்கிறது. உங்களிடம் இருக்கும் சிப் மொத்த சிப்பில் எத்தனை பங்கோ, அதுவே நீங்கள் முதலிடம் பெறும் வாய்ப்பு. முதலிடத்தை வேறொருவர் எடுத்துக்கொண்டால், மீதி இருப்பவர்களுக்குள் அதே விகிதத்தில் இரண்டாமிடம். மூன்றாமிடமும் அப்படியே.

இதை உங்கள் மேசையில் போட்டுப் பார்த்தேன். மடித்த பிறகு உங்களிடம் 9,000 சிப், அதன் மதிப்பு 23.4 புள்ளி. ஏற்று ஜெயித்திருந்தால் 20,500 சிப், அதன் மதிப்பு 38.7 புள்ளி. தோற்றிருந்தால் பூஜ்யம். சிப் இரண்டு மடங்குக்கும் மேலே ஏறுகிறது, புள்ளி அப்படி ஏறவில்லை. 23.4-ஐ 38.7-ஆல் வகுத்தால் 60 சதவீதத்துக்குச் சற்று மேல். ஏற்பதற்கு உங்களுக்குத் தேவைப்பட்ட வாய்ப்பு அதுதான், 44 அல்ல. நடுவில் உள்ள பதினாறு சதவீதம், நான்காவதாக வெளியேறும் ஆபத்துக்கான விலை. நீங்கள் இருவரும் மோதி ஒருவர் வெளியேறினால், சும்மா உட்கார்ந்திருக்கும் மற்ற இருவருக்கும் அந்த மதிப்பு இலவசமாகப் போய்ச் சேருகிறது. உங்களைக் கேலி செய்தவர்களில் அவர்களும் இருந்தால் வியப்பில்லை.

ஏஸ்-ஜாக்கிக்கு அறுபது தேறுமா? எதிரில் எந்தச் சீட்டு வேண்டுமானாலும் இருக்கலாம் என்றால் ஏறக்குறைய 64 தேறும். ஆனால் யாரும் எல்லாச் சீட்டுக்கும் தள்ளுவதில்லை. அவரிடம் ஏழு-ஏழு ஜோடி இருந்தால் உங்கள் வாய்ப்பு 45 பக்கம். ஏஸ்-ராஜா இருந்தால் கால் பங்குதான். ஏஸ்-எட்டு போன்றவை வந்தால் 70-க்கு மேல், ராஜா-ராணி என்றால் அறுபதை ஒட்டி. எல்லாவற்றையும் கலந்து பார்த்தால், ஓரளவு யோசித்துத் தள்ளுகிற ஆளுக்கு எதிராக அறுபதைத் தொடாது. அவர் காட்டிய ராஜா-எட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு எதிராக உங்களுக்கு அறுபதுக்குச் சற்று மேல் உண்டு. அதாவது அவர் சீட்டை முன்கூட்டியே பார்த்துவிட்டு ஏற்றிருந்தாலும் உங்களுக்கு மிஞ்சியிருப்பது ஏறத்தாழ ஒரு புள்ளி, அல்லது அதற்கும் குறைவு. இதற்காகவா இத்தனை கேலி?

ஆனால் அந்த ராஜா-எட்டு மோசமான ஆட்டமில்லை, இதை உங்கள் நண்பர் படித்தால் மகிழலாம். தள்ளுபவருக்கும் ஏற்பவருக்கும் ஒரே மேசையில் இருவேறு நியாயம். ஏற்பவருக்கு ஜெயிக்க ஒரே வழி, சீட்டு வர வேண்டும். தள்ளுபவருக்கு இரண்டு வழி, சீட்டு வரலாம் அல்லது எல்லாரும் மடிக்கலாம். எல்லாரும் மடித்ததில் அவருடைய 10,000 சிப் 11,500 ஆகி, மதிப்பு 25-இலிருந்து 27.3 புள்ளிக்குப் போய்விட்டது. ஏற்கப்பட்டால் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல், 35 சதவீதம் ஜெயிக்கும் சீட்டு என்று வைத்துக்கொண்டாலும், ஆறில் ஐந்து முறை நீங்கள் இருவரும் மடித்தால் அவருக்கு நட்டமில்லை. நீங்கள் ஏஸ்-ஜாக்கியையே மடிக்கிறீர்கள் என்றால் அந்த ஆறில் ஐந்து தாராளமாகக் கிடைக்கும். ஆகவே அவர் தள்ளியதும் சரி, நீங்கள் மடித்ததும் சரி.

காகிதத்தில் வராத பகுதி, அவர் எதற்கெல்லாம் தள்ளுவார் என்று கணிப்பது. வேளச்சேரியில் நாங்கள் மொட்டை மாடியில் ஆடுவோம். மே மாதப் புழுக்கத்தில் சீட்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், கலைப்பவர் வேட்டி நுனியில் விரலைத் துடைத்துக்கொண்டே கலைப்பார். எங்களில் மூத்தவரை எல்லாரும் மாமா என்போம். அவர் நல்ல ஜோடி வந்தால் சிப் அடுக்கை இரண்டு முறை எண்ணி, ஓசையில்லாமல் முன்னே நகர்த்துவார். கையில் சரக்கு இல்லையென்றால் அடுக்கைச் சரித்துவிட்டு, "வரட்டுமே, பார்த்துவிடலாம்!" என்பார். இதை வைத்து மட்டும் நான் முடிவெடுப்பதில்லை. 60-க்குப் பக்கத்தில் தடுமாறும் கைகளுக்கு மட்டும் இது தராசின் ஒரு தட்டைச் சற்றுக் கீழே இறக்கும். இதைவிட நம்பகமானது, கடைசி அரை மணியில் அவர் எத்தனை முறை தள்ளினார் என்ற சாதாரண எண்ணிக்கை.

நிலைமை மாறினால் பதிலும் மாறும். நால்வரில் ஒருவரிடம் இரண்டு பெரிய பிளைண்ட் அளவுக்குத்தான் சிப் இருக்கிறது என்றால் இன்னும் கறாராக மடியுங்கள், அவர் முதலில் போகட்டும். அந்தக் குறைந்த சிப் ஆள் நீங்களே என்றால் கறார் உதவாது, பிளைண்ட் உங்களைத் தின்று முடிப்பதற்குள் சுமாரான கையோடாவது தள்ளியாக வேண்டும். உங்களிடம் 20,000 இருந்து, தள்ளியவரிடம் 6,000 மட்டும் என்றால் தோற்றாலும் வெளியேற மாட்டீர்கள், அறுபது என்ற வரம்பு கீழே இறங்கும். மூவர் ஆகிவிட்டால் எல்லாருக்கும் 20 உறுதி, அழுத்தமும் அதற்கேற்பக் குறைகிறது. எல்லாப் பரிசும் சமமாக இருக்கும் தகுதிச் சுற்றுகளில் இந்தக் கணக்கு உச்சத்துக்குப் போகும், அங்கே ஏஸ் ஜோடியைக்கூட மடிக்க வேண்டிய இடங்கள் உண்டு.

இதையெல்லாம் இணையத்தில் பணம் வைத்து முயலத் தோன்றினால் விட்டுவிடுங்கள். 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மியையும் போக்கரையும் தமிழ்நாட்டுத் தடைப் பட்டியலிலிருந்து நீக்கியதை இன்னும் சிலர் மேற்கோள் காட்டுகிறார்கள். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், திறமையா அதிர்ஷ்டமா என்ற வேறுபாடே பார்க்காமல் இணையப் பண ஆட்டங்களைத் தடை செய்கிறது.

எந்தக் கையோடு ஏற்றிருக்கலாம் என்றும் கேட்டிருந்தீர்கள். அந்த இடத்தில் நானாக இருந்தால் ஒன்பது-ஒன்பது ஜோடியும் அதைவிடப் பெரிய ஜோடிகளும், பிறகு ஏஸ்-ராஜா. ஏஸ்-ராணி தள்ளுபவரைப் பொறுத்தது, எங்கள் மாமா அடுக்கைச் சரித்தால் ஏற்பேன்.

ஐசிஎம் ஒன்றைக் கணக்கில் எடுப்பதில்லை. அடுத்து யார் எந்த இருக்கையில் வரப்போகிறார் என்பது அதற்குத் தெரியாது. நீங்கள் பெரிய பிளைண்டைக் கொடுத்து முடித்துவிட்டீர்கள். அடுத்த கையில் சின்ன பிளைண்டுக்கு 500. அதற்கடுத்து பட்டன் உங்களிடம், அதன் பின் முதலில் பேசும் இடம். இரண்டு கைகள் செலவில்லாமல், அவற்றில் பட்டனில் இருந்து உங்களுக்கு முன் யாரும் தள்ளாவிட்டால் தள்ளுபவராக நீங்களே இருக்கலாம். மடித்து மீதி வைத்த 9,000 அதற்குப் போதும்.