கேளுங்கள் சொல்கிறோம்: டெர்ரியில் கவிழ்ந்த கோட்டை

கேள்வி: 1920-ல் அயர்லாந்தின் வடக்கே உள்ள டெர்ரி மாநகராட்சியை யூனியனிஸ்டுகள் (பிரிட்டனோடு சேர்ந்திருக்க விரும்பியவர்கள், பெரும்பாலும் புராட்டஸ்டன்டுகள்) இழந்தது எப்படி?

பதில்: எண்ணும் முறை மாறியதால்தான். கத்தோலிக்கர் பெரும்பான்மையாக இருந்த ஊரை, தங்களுக்குச் சாதகமாக வகுத்த வார்டு எல்லைகளின் தயவில் யூனியனிஸ்டுகள் ஆண்டுவந்தார்கள். அந்த ஜனவரித் தேர்தலில் வாக்குச்சீட்டில் 1, 2, 3 என்று விருப்ப வரிசை எழுதும் முறை வந்தது. ஒரு வார்டுக்கு 4 இடம், செல்லுபடியான வாக்கு 1000 என்று வையுங்கள். 1000-ஐ 5-ஆல் (இடங்களைவிட ஒன்று அதிகம்) வகுத்து 1 கூட்டினால் 201. ஜெயிக்க அது போதும். உபரி வாக்கு அடுத்த விருப்பத்துக்குப் போகும். யாரும் 201-ஐ எட்டாவிட்டால் கடைசி ஆளை நீக்கி, அவர் சீட்டுகளை அடுத்த விருப்பப்படி பிரிப்பார்கள். மொத்தம் 40 இடங்களில், ஷின் ஃபேன் கட்சியையும் சேர்த்து, அயர்லாந்துக்குத் தன்னாட்சியோ விடுதலையோ கேட்ட தேசியவாதத் தரப்புக்கு 21, யூனியனிஸ்டுகளுக்கு 19. ஹியூ ஓடோஹர்ட்டி மேயரானார். 1922-ல் யூனியனிஸ்டுகள் கையிலிருந்த வடக்கு அயர்லாந்து அரசு இம்முறையையே ஒழித்துவிட்டது (வேறென்ன செய்யும்?). உள்ளாட்சித் தேர்தலுக்கு அது திரும்பி வர 1973 ஆயிற்று.