ஒன்பது மா நஞ்சையும் ஒரு கிரீன் கார்டும்

கேள்வி: டல்லாஸ் பக்கம் இர்விங்கில் இருக்கிறோம். கிரீன் கார்டு வந்து பத்து வருஷம் ஆகப்போகிறது, அக்டோபரில் காலாவதி. சிட்டிசன்ஷிப்புக்குப் போடலாம் என்கிறேன் நான். கணவர், "ரினியூ பண்ணினால் போதும், சிட்டிசன்ஷிப் தண்டச்செலவு, அப்புறம் ஊரில் நிலம் வாங்க முடியாது" என்கிறார். மன்னார்குடி பக்கம் என் மூத்தார் பெயரில் ஒன்பது மா (சுமார் மூன்று ஏக்கர்) நஞ்சை வாங்கியிருக்கிறோம். அதற்காகக் கணவர் தன்னுடைய 401(கே) ஓய்வூதியச் சேமிப்பிலிருந்து 30,000 டாலரும், இங்குள்ள வீட்டை ஈடு வைத்து வாங்கும் ஹெலாக் கடனில் 45,000 டாலரும் கடனாக எடுத்தார். போர்வெல், வரப்பு, ஆள் கூலி என்று மாதம் 400 டாலர் இன்னும் போகிறது. மாமியாருக்கு உடம்பு முடியவில்லை. எட்டு மாதம் ஊரில் இருந்துவிட்டு வரலாமா என்றும் கணவர் யோசிக்கிறார். மகள் சென்னையில் பிறந்தவள், டிசம்பரில் 18 முடிகிறது. மகன் இங்கே பிறந்தவன். நண்பர் ஒருவர் மகளின் படிப்புக்கு ஐயூஎல் (பங்குச் சந்தைக் குறியீட்டோடு இணைந்த ஆயுள் காப்பீடு) பாலிசி போடச் சொல்லி விடாமல் கேட்கிறார். என்ன செய்யட்டும்?

பதில்: மகளுக்கு டிசம்பரில் 18 என்பதைப் போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். உங்கள் கடிதத்திலேயே அவசரமான விஷயம் அதுதான்.

பெற்றோரில் ஒருவர் குடியுரிமை உறுதிமொழி எடுக்கும்போது, கிரீன் கார்டோடு அவருடன் வசிக்கும் பிள்ளைக்கு 18 முடியாமல் இருந்தால், பிள்ளையும் அதே நாளில் தானாகவே குடிமகளாகிவிடுவாள். 2000-ல் வந்த குழந்தைகள் குடியுரிமைச் சட்டம் தரும் சலுகை இது. அவளுக்குத் தனி விண்ணப்பமும் வேண்டாம், தேர்வும் வேண்டாம். பிறந்தநாள் தாண்டிவிட்டால் அவளே என்-400 என்ற குடியுரிமை விண்ணப்பத்தைப் போட்டு, கட்டணம் கட்டி, நேர்காணலுக்கு உட்கார வேண்டும். இருவரில் ஒருவர் முடித்தாலே போதும். உங்கள் கணவர் யோசித்து முடிக்கட்டும், நீங்கள் இந்த வாரமே போடுங்கள். நேர்காணலும் உறுதிமொழியும் நடக்க மாதக்கணக்கில் ஆகும் என்பதால் ஒவ்வொரு வாரமும் கணக்குதான். ஐந்து வருஷத்துக்கு முன்பே உங்களுக்குத் தகுதி வந்துவிட்டது என்பதை மட்டும் சொல்லிவிட்டு மேலே போகிறேன்.

அக்டோபரில் கார்டு காலாவதியாவதை நினைத்துப் பதற வேண்டாம். என்-400 போட்டதற்கு வரும் ரசீதே கார்டின் ஆயுளை 24 மாதம் நீட்டித்துத் தரும். கார்டைப் புதுப்பிக்கும் ஐ-90 படிவம் போட்டு அதற்கும் ஒரு முறை அழ வேண்டியதில்லை.

இப்போது தண்டச்செலவு. ஆன்லைனில் ரினியூவல் ஆளுக்கு 415 டாலர், இருவருக்கு 830. குடியுரிமைக்கு ஆளுக்கு 710, இருவருக்கு 1,420. மூன்று அமெரிக்க பாஸ்போர்ட் 495, மூன்று ஓசிஐ (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான அட்டை) 825. இந்திய பாஸ்போர்ட்டை ஒப்படைக்கும் செலவு, சேவைக் கட்டணம், போட்டோ, தபால் எல்லாம் சேர்த்துக் கிட்டத்தட்ட 3,000 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து ஊருக்குப் போகும் பணம். ஹெலாக் வட்டி 8.5 சதவீதம் என்று வைத்தால் 45,000-க்கு வருஷத்துக்கு 3,825, மாதம் சுமார் 320. அதுவும் வெறும் வட்டி, அசல் அப்படியே நிற்கிறது. கடன் வாங்கிய பணம் வீட்டைக் கட்டவோ சீர்செய்யவோ போகாததால் அந்த வட்டிக்கு வரிக்கழிவும் கிடையாது. 401(கே) கடனை ஐந்து வருஷத்தில் அடைக்க, சம்பளத்தில் மாதம் ஏறக்குறைய 600 பிடிப்பார்கள். "அந்த வட்டி நமக்கே திரும்பி வருகிறதே" என்பார் உங்கள் கணவர். வரட்டும். ஆனால் அந்த 30,000 முதலீட்டில் இல்லாத காலம் திரும்பி வராது. இதோடு 400. ஆக மாதம் 1,320 டாலர். அவர் தண்டம் என்று தள்ளிப்போடும் குடியுரிமையின் மொத்தச் செலவும் இந்தப் பணத்தில் இரண்டரை மாதத்துக்குள் முடிந்துவிடும்.

இதற்குப் பதிலாக நிலத்திலிருந்து என்ன வந்தது என்று நீங்கள் எழுதவில்லை. என் வாசகர் ஒருவருக்கு இதே கதையில் அண்ணன் பத்து கிலோ பொன்னி அரிசியைப் பெட்டியில் கட்டிக் கொடுத்தார். அரிசியில் பூச்சி வரும் என்று இறங்கிய விமான நிலையத்தில் அதையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

நிலம் வாங்க முடியாது என்ற பயத்தைப் பற்றி. ஐயா இப்போது எந்த உரிமையைக் காப்பாற்றுகிறார்? இந்திய பாஸ்போர்ட் கையில் இருந்தாலும் வெளிநாட்டில் வசிக்கும் என்ஆர்ஐ விவசாய நிலம் வாங்கக் கூடாது என்பதுதான் அந்நியச் செலாவணி விதி. ஓசிஐ வைத்திருப்பவருக்கும் அதே தடைதான். வீடு, மனை, ஃபிளாட் இருவரும் வாங்கலாம். அப்பா வழியில் வரும் பங்கை வாரிசாக இருவரும் பெறலாம். குடியுரிமை வாங்கினால் ஓட்டு போகும், பாஸ்போர்ட் போகும். அந்த வருத்தம் நியாயமானது, அதை நான் கேலி செய்ய மாட்டேன். நஞ்சை விஷயத்தில் மட்டும் இழப்பதற்கு எதுவும் இல்லை.

அதனால்தானே பத்திரம் அண்ணன் பெயரில் போனது? பணம் தம்பியுடையது, பெயர் அண்ணனுடையது, பலன் தம்பிக்கு என்றால் சட்டம் அதைப் பினாமி என்கிறது. 2016 திருத்தத்துக்குப் பிறகு சொத்தும் பறிமுதலாகும், ஒன்று முதல் ஏழு வருஷம் வரை சிறையும் உண்டு. "எங்க அண்ணன் அப்படியெல்லாம் பண்ண மாட்டார்" என்ற வாக்கியத்தை நான் நிறையக் கேட்டிருக்கிறேன். அண்ணன் நல்லவராகவே இருக்கட்டும். அவருக்குப் பிறகு அவர் பிள்ளைகளும் மருமகளும் வருவார்கள். மன்னார்குடியில் ஒரு வழக்கறிஞரிடம் பத்திர நகல், பட்டா, வில்லங்கச் சான்று மூன்றையும் காட்டி யோசனை கேளுங்கள். அதுவரை அந்த 75,000 டாலரைச் சொத்துக் கணக்கில் எழுதாதீர்கள். அண்ணனுக்குக் கொடுத்த அன்பளிப்பு என்று எடுத்துக்கொண்டால் அதற்கும் ஒரு வேலை இருக்கிறது: ஒரே ஆளுக்கு ஒரே வருஷத்தில் 19,000 டாலருக்கு மேல் கொடுத்தால் (2025 வரம்பு) அன்பளிப்பு வரிப் படிவம் 709-ல் காட்ட வேண்டும். பெரும்பாலும் வரி வராது, ஆனால் காட்டாமல் விடக் கூடாது.

மாதம் 400-ஐ இந்த மாதத்தோடு நிறுத்துங்கள். மாமியாரின் மருந்துக்கும் மருத்துவருக்கும் பணம் அனுப்புவது வேறு, அதை நேராக ஆஸ்பத்திரிக்கும் மருந்துக்கடைக்கும் கட்டுங்கள். போர்வெல்லுக்கு அண்ணன்தான் செலவு செய்ய வேண்டும், நிலம் அவர் பெயரில்தானே இருக்கிறது.

எட்டு மாதப் பயணம்? இப்போது வேண்டாம். ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் குடியுரிமைக்குத் தேவையான தொடர் வசிப்பு முறிந்ததாகவே எடுத்துக்கொள்வார்கள், முறியவில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு அவருடையது. ஒரு வருஷத்தைத் தாண்டினால் கிரீன் கார்டே ஆட்டம் காணும். வேலையை விட்டுவிட்டுப் போனால் 401(கே) கடனின் பாக்கியை வரித் தாக்கல் கெடுவுக்குள் அடைக்க வேண்டும். இல்லாவிட்டால் அது வருமானமாகி வரியும், 59½ வயது ஆகாதவருக்கு 10 சதவீத அபராதமும் சேரும். அம்மாவோடு நீண்ட நாள் இருக்க ஆசைப்படுகிறவருக்குத்தான் குடியுரிமையும் ஓசிஐயும் உதவும். எத்தனை மாதம் இருந்தாலும் யாரும் கேட்க மாட்டார்கள். ரினியூ செய்த கார்டு அவரை இங்கேயே கட்டிப் போடும்.

"கார்டாகவே இருந்தால் ஒரு நாள் திருப்பிக் கொடுத்துவிட்டு வரியில்லாமல் ஊருக்குப் போய்விடலாம்" என்று யாராவது சொல்லியிருந்தால், கார்டு வைத்து எட்டு வருஷம் கடந்தவர்களுக்கும் வெளியேறும் வரி விதிகள் பொருந்தும் என்று சொல்லுங்கள். உலக வருமானத்துக்கு வரி, வெளிநாட்டுக் கணக்குகளில் மொத்தம் 10,000 டாலரைத் தாண்டினால் எஃப்பார் என்ற கணக்கு அறிக்கை எல்லாம் கார்டுக்காரருக்கும் குடிமக்களுக்கும் ஒன்றுதான்.

ஐயூஎல் இப்போது வார இறுதிக் கூட்டங்களில் இட்லி சாம்பாரோடு பரிமாறப்படுகிறது. சந்தை ஏறும்போது உங்கள் லாபத்துக்கு உச்சவரம்பு, உள்ளே வருஷாவருஷம் கூடும் காப்பீட்டுச் செலவு, பல வருஷம் சரண்டர் கட்டணம். மகள் அடுத்த ஆண்டு கல்லூரிக்குப் போகிறாள், இந்த பாலிசி அவளுக்கு எந்தக் காலத்தில் பயன்படப்போகிறது? குடும்பத்துக்குப் பாதுகாப்பு வேண்டுமென்றால் இருபது வருஷ டேர்ம் பாலிசி போடுங்கள். மிச்சத்தை ஹெலாக்கின் அசலில் கட்டுங்கள். நண்பரின் கமிஷனுக்காக நட்பு முறியாது. முறிந்தால் முறியட்டும்.

தேர்வைப் பற்றி உங்களுக்குக் கவலை இருக்காது என்று நினைக்கிறேன். புதிய முறையில் 20 கேள்விகளில் 12 சரியாகச் சொன்னால் போதும். கொஞ்சம் சிரமப்படுத்துவது படிவத்தில் கேட்கும் ஐந்து வருஷப் பயணத் தேதிகள்தான். பழைய பாஸ்போர்ட், விமான டிக்கெட் மெயில் எல்லாவற்றையும் இன்று ராத்திரியே தேடி எடுத்து வையுங்கள்.