பழைய பொம்மையின் பட்டாடையைத் துவைக்கலாமா?

கேள்வி: பாட்டியின் பெட்டியில் பீங்கான் முகம் கொண்ட பொம்மை ஒன்று கிடைத்தது. பின்கழுத்தில் ஜெர்மனி என்று ஆங்கிலத்தில் பொறித்திருக்கிறது. பட்டுக் கவுன் மடிப்புகளில் கிழிந்திருக்கிறது. உள்ளே பழுப்பேறிய பருத்திப் பாவாடை. இவை பொம்மையின் காலத்து உடைகள்தாமா? துவைத்துத் தைத்து மீண்டும் உடுத்தலாமா?

பதில்: பட்டைத் துவைக்க வேண்டாம், பருத்தியைப் பற்றிப் பிறகு முடிவு செய்யலாம். அதற்கு முன், உடையைப் பொறுமையாகப் பார்த்துவிடுங்கள், ஏனெனில் அதன் வயதைச் சொல்லும் தடயங்கள் பல முதல் அலசலிலேயே போய்விடும்.

இறக்குமதிப் பொருள்களில் அவை உருவான நாட்டின் பெயரை ஆங்கிலத்தில் குறிக்க வேண்டும் என்று அமெரிக்காவின் 1890ஆம் ஆண்டுச் சுங்கவரிச் சட்டம் விதித்தது. அது 1891இல் நடைமுறைக்கு வந்தது. ஆகவே உங்கள் பொம்மை பெரும்பாலும் அதற்குப் பிந்தையது. ஆனால் கழுத்தில் உள்ள முத்திரை உடைக்குச் சான்றாகாது. உடையை உட்புறம் திருப்பித் தையலைப் பாருங்கள். தையல் இயந்திரம் 1850களிலேயே பரவத் தொடங்கிவிட்டதால், இயந்திரத் தையல் இருப்பதனால் மட்டும் உடை புதியதாகிவிடாது. நைலான் லேஸோ பாலியெஸ்டர் நூலோ இருந்தால், அந்தப் பகுதியேனும் 1940க்கு முன் தைக்கப்பட்டிருக்க முடியாது. உடை பொம்மையின் தோளிலும் இடுப்பிலும் இழுபடாமல் பொருந்துகிறதா, மடிப்பின் உட்புறத்தில் வெளிறாத பழைய நிறம் தெரிகிறதா என்பவற்றையும் கவனியுங்கள்.

பட்டு மடிப்புகளில் கிழிவதற்குக் காரணம் உண்டு. கச்சாப் பட்டின் இயற்கைப் பசையை நீக்கும்போது அதன் எடையில் ஏறத்தாழக் கால் பங்கு குறைந்துவிடும். அந்த இழப்பை ஈடுசெய்ய வெள்ளீய உப்புகளை ஏற்றும் வழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பரவலாக இருந்தது. அந்த உப்பே வெளிச்சத்தோடு சேர்ந்து இழையை அரித்து, துணியைக் காய்ந்த சருகைப் போல ஆக்கிவிடுகிறது. கவுனின் கொசுவத்தை உற்றுப் பார்த்தால், கத்தியால் கீறியதுபோல இணையிணையாக ஓடும் பிளவுகள் தெரியும். அந்த இடத்தில் ஊசியை நுழைத்தால் ஒவ்வொரு துளையும் புதிய பிளவாகும், தண்ணீரில் நனைத்தாலோ துணியின் எடையே அதைக் கிழித்துவிடும். ஆகவே தைக்கவும் வேண்டாம்.

பருத்திப் பாவாடை உறுதியாக இருந்தால், ஈரப் பஞ்சை ஒரு மூலையில் ஒற்றிச் சாயம் ஒட்டவில்லை என்று உறுதி செய்தபின், காய்ச்சி வடித்த நீரில் மென்மையான, நிறமற்ற சோப்புக் கரைசல் சிறிதளவு சேர்த்து, வலைத்துணியின் மேல் கிடத்தி நனைத்து அலசலாம். பிளீச்சிங் பவுடர் கூடவே கூடாது. உடையைக் கழற்றிய பின்பே நனையுங்கள்: அக்காலத்துப் பொம்மைகள் பலவற்றின் உடல் காகிதக் கூழும் மரத்தூளும் பசையும் கலந்து செய்தது, ஈரம் பட்டால் ஊதிப் பெயர்ந்துவிடும்.

கவுனை அமிலமற்ற, சுண்ணாம்பு உப்பு சேர்க்காத மெல்லிய தாளில் வைத்து, மடிப்பு விழும் இடங்களில் அதே தாளைச் சுருட்டி உள்ளே திணித்து, துருப்பிடித்த கொக்கிகளுக்கும் பட்டுக்கும் நடுவே அந்தத் தாளிலேயே ஒரு துண்டைச் செருகி, இருட்டான, ஈரமில்லாத இடத்தில் படுக்கை வாக்கில் வையுங்கள். பொம்மையை உடுத்திப் பார்க்கும் ஆசை நியாயமானதே. அதற்கு, பழைய கவுனைப் பிரிக்காமல் மேலே வைத்து அளவெடுத்து, மெல்லிய பருத்தியில் புதிதாக ஒன்று தைத்துக்கொள்ளுங்கள். அதன் உட்புறத்தில் தைத்த ஆண்டையும் நூலால் குறித்துவிடுங்கள்.