அக்காவிட்ட கேளுங்கோ: கொமிக்ஸும் ஒரு படிப்புத்தான்

கேள்வி: அக்கா, நான் கம்பஸில கலைப்பீடம் மூண்டாம் வருசம், ஆங்கில இலக்கியம் செய்யிறன். சூப்பர் ஹீரோ கொமிக்ஸில ஆம்பிளை பொம்பிளையை எப்பிடிக் காட்டினவை, பால்நிலை, பாலியல்பு எல்லாம் எப்பிடி வருது எண்டு ஆராய்ச்சி செய்து அதையே தொழிலா எடுக்கோணும் எண்டு சரியான ஆசை. வீட்டில சொன்னா மாமா "படம் பாக்கவோ உன்னை கம்பஸுக்கு விட்டது" எண்டு கேக்கிறார். உண்மையா இப்பிடி ஒரு வேலை இருக்கா? எந்த வழியால போறது?
– பெயர் வேண்டாம், ஸ்கந்தபுரம்

பதில்: இருக்கு தங்கச்சி. மாமாவோட சண்டை பிடிக்காதேங்கோ, பின்னேரம் தேத்தண்ணி குடிக்கேக்க பக்கத்தில இருந்து இந்தக் கதையைச் சொல்லுங்கோ. 1941இல வொண்டர் வுமன் எண்ட பெண் சூப்பர் ஹீரோவை உருவாக்கினவர் வில்லியம் மார்ஸ்டன் எண்ட உளவியல்காரர், ஹார்வர்டில கலாநிதிப் பட்டம் எடுத்தவர், ஒராள் பொய் சொல்லேக்க இரத்த அழுத்தம் ஏறுதோ எண்டு அளந்து பாத்த ஆள். அவற்ற வீட்டில மனுசி எலிசபெத்தும் ஒலிவ் பேர்ன் எண்ட இன்னொரு பொம்பிளையும் ஒண்டா இருந்தவை, ரெண்டு பேருக்கும் ரெண்டு ரெண்டு பிள்ளையள், எல்லாரும் ஒரே கூரைக்குக் கீழ. இந்த ஒலிவ் ஆர் எண்டா, அமெரிக்காவில 1916இல முதல் குடும்பக் கட்டுப்பாட்டுக் கிளினிக்கைத் திறந்த மார்கரெட் சாங்கரின்ர பெறாமகள். ஒலிவ் கையில போட்டிருந்த காப்புத்தான் பிறகு துவக்குச் சன்னத்தைத் தடுக்கிற வொண்டர் வுமனின்ர காப்பாச்சு. இதையெல்லாம் ஹார்வர்டில வரலாறு படிப்பிக்கிற ஜில் லெப்போர் பழைய கடிதங்கள், குடும்பப் பேப்பருகள் எண்டு கிண்டி எடுத்து 2014இல புத்தகமாவே போட்டவ. ஒரு சோடி காப்புக்குள்ள பெண்கள் வாக்குரிமைக்கு நடந்த போராட்டமும் குடும்பக் கட்டுப்பாடும் ஒரு வீட்டின்ர ரகசியமும் கிடந்திருக்கு, அதைக் கண்டுபிடிக்கிறதுதான் உங்கட படிப்பு எண்டு சொல்லுங்கோ.

இன்னொண்டும் சொல்லுங்கோ. அதே வொண்டர் வுமனை அந்தக் காலத்தில மற்ற வீரர்மாரின்ர சங்கத்தில சேர்த்தவை, சேர்த்துப்போட்டு என்ன பதவி குடுத்தவை தெரியுமோ, செயலாளர். மலையைத் தூக்கக்கூடிய பொம்பிளை கூட்டக் குறிப்பு எழுதிக்கொண்டு இருக்கிறா. எங்கட கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்கு ஒருக்காப் போனாத் தெரியும், தலைவர் கதிரையில ஆர், அறிக்கைக் கொப்பி ஆற்ற மடியில, தேத்தண்ணித் தட்டு ஆற்ற கையில எண்டு. அதைச் சின்னனில இருந்து பாத்து வளர்ந்த கண் உங்களிட்ட இருக்கு, அது இந்தப் படிப்புக்கு சரியான பெறுமதியான கண்.

இனி வேலை விசயம். "சூப்பர் ஹீரோ விரிவுரையாளர் தேவை" எண்டு ஒருத்தரும் விளம்பரம் போடமாட்டினம். இந்தத் துறையில பேர் எடுத்தவையைப் பாருங்கோ: எக்ஸ்-மென் எண்ட வீரர் கூட்டத்தின்ர மாதிரியான கதையளை பாலியல்பு, அரசியல் கண்ணோட எழுதின ரம்ஸி ஃபவாஸ் ஒரு ஆங்கிலப் பேராசிரியர், பெண் வீரர்மாரைப் பற்றி 2016இல புத்தகம் எழுதின கரோலின் கோக்கா இருக்கிறது அரசியல் துறையில, கரோல் டில்லி நூலக விஞ்ஞானம் படிப்பிக்கிறவ. மூண்டு பேரும் மூண்டு வாசலால வந்து ஒரே முத்தத்தில நிக்கினம். அதால முதல்ல உங்கட ஆங்கில இலக்கியத்தில நல்ல கிளாஸ் ஒண்டு எடுங்கோ, இஞ்ச விரிவுரையாளர் வேலைக்கும் சரி வெளிநாட்டு ஸ்கொலர்ஷிப்புக்கும் சரி முதல் கேள்வி அதுதான். அமெரிக்காவில பிஎச்டி எண்டா நல்ல பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் படிப்புக் காசு எடுக்காமல் நீங்க வகுப்பு எடுக்கிறதுக்கு மாசச் சம்பளமும் தரும், மாஸ்டர்ஸுக்கு ஃபுல்பிரைட் இருக்கு, பிரிட்டன் பக்கம் கொமன்வெல்த் ஸ்கொலர்ஷிப் இருக்கு. ஆனா ஒண்டை மறைக்கமாட்டன். அஞ்சாறு வருசம், சிலருக்கு அதுக்கும் மேல போகும், முடிச்சு வெளிய வந்தாலும் கலைத்துறையில நிரந்தர வேலை அங்கயும் குறைஞ்சுகொண்டுதான் வருது. வீட்டில உங்கட உழைப்பை நம்பி ஆரும் இருந்தா அதையும் கணக்கில எடுங்கோ. ஏஜென்சிக்காரர் காசு கேட்டா குடுக்காதேங்கோ, விண்ணப்பம் நீங்களே போடலாம், சந்தேகம் எண்டா எனக்கு எழுதுங்கோ.

கடைசி வருச ஆய்வுக்கு இப்பவே சின்னனா ஒண்டு பிடியுங்கோ. கோக்கா செய்த ஒரு வேலை சொல்லுறன், 1993க்கும் 2013க்கும் இடையில வந்த கொமிக்ஸ் கட்டங்களை ஒவ்வொண்டா எண்ணி, பொம்பிளையை எத்தினை கட்டத்தில முதுகெலும்பு முறிஞ்ச மாதிரி, முன்பக்கமும் பின்பக்கமும் ஒரேயடியாத் தெரியிற மாதிரிக் கீறியிருக்கு எண்டு கணக்கெடுத்தவ. மனுசருக்கு அப்பிடி நிக்கவே ஏலாது. பாக்க வடிவில்லை எண்டு சொன்னா அது அபிப்பிராயம், எண்ணிக் காட்டினா சான்று. பென்சிலும் ஒரு கொப்பியும் இருந்தாச் செய்யலாம். பழைய, பதிப்புரிமை முடிஞ்ச அமெரிக்க கொமிக்ஸ் இணையத்தில இலவசமா இருக்கு.

என்னைக் கேட்டா தமிழ்ப் பக்கம் ஒரு காலை வையுங்கோ. 1972இல முத்து கொமிக்ஸ் இரும்புக்கை மாயாவியோட துடங்கினது, 1984இல ராணி கொமிக்ஸும் லயனும் வந்தது, லயன் கொண்டுவந்த மாடஸ்டி எண்ட பெண் வீரரை வாசகர் இண்டைக்கும் இளவரசி எண்டுதான் சொல்லுவினம். சின்னனில எங்களிட்டயும் அட்டை கிழிஞ்ச புத்தகங்கள் வீடு வீடா மாறி வந்தது, மண்ணெண்ணெய் விளக்கில வாசிச்சு அம்மாட்ட ஏச்சு வாங்கியிருக்கிறன். இங்கிலிசில எல்லாருக்கும் ஒரே "யூ"தான். தமிழில மொழிபெயர்க்கிறவர் ஒவ்வொரு கட்டத்திலயும் நீயா நீங்களா எண்டு முடிவெடுக்கோணும். வில்லன் மாடஸ்டியை நீ எண்டு கூப்பிடுறானா, அவளோட வேலை செய்யிற வில்லி கார்வின் எண்ட கூட்டாளி என்னண்டு கூப்பிடுறான், ஆம்பிளை வீரனுக்கு "அவர்" எண்டு போட்ட இடத்தில பொம்பிளைக்கு "அவள்" எண்டு விழுந்திருக்கா. அமெரிக்காவில இருக்கிற பேராசிரியருக்கு இது தெரிய வாய்ப்பில்லை, உங்களுக்குத் தெரியும். நான் உங்கட இடத்தில இருந்தா இதைத்தான் ஆய்வுத் தலைப்பாக் குடுப்பன்.

கேள்வி: பிள்ளை, என்ர மகனுக்கு 13 வயசு, போனில பேட்மேன் கொமிக்ஸ் வாசிக்கிறான். எங்கட சொந்தக்காரர் ஒருத்தர், அதில அந்தப் பெரியவனும் சின்னப் பெடியனும் ஒரே வீட்டில இருக்கிற கதையள் கூடாது, பிள்ளை அப்பிடிப் பழகிப்போவான் எண்டு வெருட்டுறார். பறிச்சு வைக்கவோ?
– ஒரு தாய், புதுக்குடியிருப்பு

பதில்: பறிக்காதேங்கோ அம்மா. உங்கட சொந்தக்காரருக்கு வந்த பயம் புதுசில்லை, அதுக்கு எழுபது வயசு. 1954இல ஃபிரெட்ரிக் வெர்தாம் எண்ட மனநல வைத்தியர் கொமிக்ஸ் பிள்ளையளைக் கெடுக்குது எண்டு புத்தகம் எழுதினவர், அதில பேட்மேனும் ராபினும் இருக்கிற வீடு ரெண்டு ஆம்பிளையள் சேர்ந்து வாழுற கனவு மாதிரி எண்டும், வொண்டர் வுமன் பெட்டைப் பிள்ளையளுக்குக் கூடாத முன்மாதிரி எண்டும் எழுதினார். அந்த வருசமே அமெரிக்க செனட் விசாரணை வைச்சது, பதிப்பாளர்மார் பயந்து தாங்களே ஒரு கட்டுப்பாட்டுச் சட்டக்கோவை போட்டு, தன்பாலீர்ப்பை சாடையாக்கூடக் காட்டக்கூடாது எண்டு வைச்சவை, அது 1989 மட்டும் மாறேல்லை.

வெர்தாம் கெட்ட மனுசன் இல்லை, அதையும் சொல்லோணும். நியூயோர்க் ஹார்லெமில கறுப்பின ஏழைச் சனத்துக்கு கிளினிக் நடத்தினவர், பள்ளிக்கூடத்தில கறுப்பு வெள்ளை எண்டு பிரிக்கிறது பிள்ளையின்ர மனதைப் பாதிக்கும் எண்டு கோர்ட்டில சாட்சி சொன்னவர். ஆனா அவற்ற பேப்பருகள் 2010இல திறந்துவிடப்பட்டாப் பிறகு மேல சொன்ன கரோல் டில்லி போய் இருந்து ஒவ்வொண்டா வாசிச்சா, பிள்ளையள் உண்மையாச் சொன்னதுக்கும் புத்தகத்தில இருக்கிறதுக்கும் இடையில சரியான வித்தியாசம். பல பிள்ளையள் சொன்னதை ஒரு பிள்ளை சொன்ன மாதிரிச் சேர்த்திருக்கு, சொன்னதில பாதியை விட்டிருக்கு, வார்த்தையை மாத்தியிருக்கு. 2012இல அதை எழுதி வெளியிட்டவ. ஒரு நாட்டின்ர பிள்ளையள் என்ன வாசிக்கலாம் எண்டு தீர்மானிச்ச புத்தகம் அது, அதுக்குள்ள பிள்ளையளின்ர குரலையே திருத்தியிருக்கு எண்டு நினைக்க எனக்கு இண்டைக்கும் கோவம் வருது.

கொமிக்ஸ் வாசிச்சு ஆற்ற இயல்பும் மாறாது அம்மா. மகனோட சேர்ந்து இருந்து ஒரு கதை வாசியுங்கோ, இதில உனக்கு ஆரைப் பிடிக்கும், ஏன் எண்டு கேளுங்கோ. வயசு வந்தவைக்கான, சண்டை இரத்தம் கூடின கொமிக்ஸும் இருக்கு, அதை மட்டும் பாத்துக்கொள்ளுங்கோ.

கேள்வி: எங்கட நாட்டில இருந்துகொண்டு தன்பாலீர்ப்பைப் பற்றி ஆராய்ச்சி எழுதினா சட்டச் சிக்கல் வருமோ? சொல்லாமல் விட்ட விசயத்தை எப்பிடி ஆராயிறது?
– ஒரு மாணவன், மாங்குளம்

பதில்: தம்பி, எங்கட தண்டனைச் சட்டக்கோவை 1883இல வெள்ளைக்காரன் போட்டது, அதில தன்பாலீர்ப்பு உறவைக் குற்றமாக்கிற 365, 365அ பிரிவுகள் இன்னும் கிடக்கு, 1995இல திருத்தேக்க பொம்பிளையளையும் உள்ளுக்கு இழுத்தவை. 2023இல அதை நீக்கிற சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரண் இல்லை எண்டு உயர் நீதிமன்றம் சொன்னது. அந்தப் பிரிவுகள் செயலைப் பற்றினது, கட்டுரை எழுதுறதைப் பற்றினது இல்லை. ஆனா நீங்க ஆக்களைப் பேட்டி எடுக்கப் போறியள் எண்டா கதை வேற, பேர், ஊர், குரல் ஒண்டும் வெளிய போகக்கூடாது, கம்பஸ் நெறிமுறைக் குழுவின்ர அனுமதி இல்லாமல் ஒருத்தரிட்டயும் போகாதேங்கோ. எங்கட ஊர் சின்னன், ஒழுங்கையைச் சொன்னாலே ஆளைத் தெரிஞ்சிடும்.

சொல்லாமல் விட்டதை ஆராயிறதுதான் இதில ருசியான பகுதி. நார்த்ஸ்டார் எண்ட கொமிக்ஸ் வீரன் 1979இல வந்தவன், உருவாக்கினவர் துடக்கத்திலயே அவனை தன்பாலீர்ப்பு உள்ளவனாத்தான் நினைச்சவர், சொல்ல விடேல்லை. 1992இலதான் கதைக்குள்ள அவன் வாய் திறந்து சொன்னான், 2012இல கலியாணம் நடந்தது. இடையில கிடக்கிற அந்த 13 வருசத்து மௌனத்தை சாடை, ஜாடை, பார்வை எண்டு தேடி வாசிக்கோணும். அகப்பாட்டில உள்ளுறை படிச்ச ஆக்கள் நாங்கள், வண்டும் பூவும் எண்டு எழுதியிருந்தா தலைவன் தலைவி எண்டு விளங்கிக்கொள்ளுற ஆக்கள், இது எங்களுக்குக் கைவந்த வேலை. இன்னொரு இடமும் இருக்கு, பழைய கொமிக்ஸின்ர கடைசிப் பக்கங்களில வாசகர் கடிதம் போடுறவை. ஒளிச்சு வாழ்ந்த பிள்ளையள் அந்தக் காலத்தில என்ன நினைச்சு வாசிச்சவை எண்டு தேடுறவைக்கு அது பெரிய சுரங்கம். இண்டைக்கு நீங்க மூண்டு நாலு பேர் எழுதின இந்தப் பக்கத்தையும் ஒரு நாள் ஆரோ அப்பிடித் தேடி வாசிக்கலாம்.

கேள்வி: உங்கட பக்கத்தைப் பிள்ளையள் வாசிக்கேக்க நானும் வாசிக்கிறனான். ஒரு காலத்தில காற்சட்டையும் பெல்ட்டுமா இந்த ரோட்டால போன பிள்ளையளில நானும் ஒராள். இப்ப தையல் மெசின் வைச்சிருக்கிறன். அமெரிக்காக்காரன் கீறின பொம்பிளையின்ர கதை எங்களுக்கு என்னத்துக்கு?
– முள்ளியவளை

பதில்: அக்கா, உங்கட கடிதத்தை நாலு தரம் வாசிச்சன்.

உலகப் போர் நடக்கேக்க வொண்டர் வுமன் போருக்குப் போனவ, அமெரிக்கப் பொம்பிளையளும் ஃபக்டரியில விமானம் செய்தவை. 1945இல போர் முடிய ஆம்பிளையள் திரும்பி வந்தவை, பொம்பிளையளை வீட்டுக்குப் போகச் சொன்னது. 1947இல மார்ஸ்டனும் செத்துப்போக கொமிக்ஸிலயும் அவ பிள்ளை பாக்கிறவ, மொடல், சினிமா நடிகை எண்டு மாறினா. 1968இல அவவின்ர சக்தி முழுக்கப் போச்சுது. காப்பும் இல்லை, அவவின்ர மந்திரக் கயிறும் இல்லை. பிறகு என்ன செய்தவ தெரியுமோ அக்கா, உடுப்புக் கடை வைச்சவ.

இதை நான் முதல் தரம் வாசிக்கேக்க எங்கட சனத்துக்கு வாழ்வாதாரம் எண்டு வரிசையில நிக்க வைச்சுக் குடுத்த தையல் மெசினுகள்தான் கண்ணுக்கு முன்னால வந்தது. தையல் குறைஞ்ச வேலை எண்டு நான் சொல்லேல்லை, எத்தினை வீட்டில அடுப்பு அதாலதான் எரியுது. ஆனா ஒருத்தரும் உங்களுக்கு என்ன தெரியும், என்ன செய்யப் பிரியம் எண்டு கேக்கேல்லை. அங்க 1972இல குளோரியா ஸ்டைனம் எண்டவவும் கூட்டாளிமாரும் நடத்தின பெண்கள் சஞ்சிகை வொண்டர் வுமனை பழைய உடுப்போட அட்டையில போட்டது, அடுத்த வருசம் சக்தி திரும்பி வந்தது. சில ஆராய்ச்சிக்காரர், சக்தி இல்லாமல் காற்சட்டை போட்டு கையாலயே சண்டை பிடிச்ச அந்தக் காலத்து வொண்டர் வுமன்தான் நிசமான பொம்பிளைக்குக் கிட்ட எண்டும் சொல்லுவினம். நான் அதை ஏற்கேல்லை, அவவிட்டக் கேட்டுப்போட்டு எடுத்த முடிவில்லையே அது.

மதுரையை எரிச்ச பொம்பிளைக்கு ஒவ்வொரு வைகாசியும் வற்றாப்பளையில பொங்குறம், உங்கட முள்ளியவளையில கடல் தண்ணியில விளக்கு எரிக்கிறம், கண்ணகியின்ர கோவத்தைக் கும்பிடுறம். அதே ஊரில உங்களைப் போல ஒராள் சந்தையில கொஞ்சம் சத்தமாக் கதைச்சா என்ன சொல்லுகினம் எண்டு உங்களுக்குத்தான் தெரியும். படத்தில இருக்கிற பொம்பிளைக்குக் குடுக்கிறதை பக்கத்து வீட்டுப் பொம்பிளைக்கு ஏன் குடுக்கேல்லை எண்ட கேள்வியைத்தான் அந்த ஸ்கந்தபுரம் பிள்ளை படிக்கப் போறா. அதுக்கு அமெரிக்காக் கதை மட்டும் காணாது, உங்கட கதையும் வேணும்.

உங்களுக்கு விருப்பம் எண்டா மட்டும், பேர் போடாமல், அந்தப் பிள்ளையின்ர கடிதத்தை உங்களுக்கு அனுப்பிவிடுறன். அவவிட்டயும் கேட்டுத்தான் அனுப்புவன். இல்லை, கதைக்க மனமில்லை எண்டாலும் சரிதான் அக்கா, ஒரு வரி எழுதிப் போடுங்கோ.