பண்டிகைப் பரிசும் பற்றுச்சீட்டும்: வாசகர் கேள்விகள்

உப்புவெளி வாசகி: நத்தாருக்கு வீட்டிலேயே கேக் அடிக்கும் மச்சாளுக்கு, 3,000 ரூபாய்க்குள் என்ன வாங்கிக் கொடுக்கலாம்?

ஒரு கிராம் வரை காட்டும் சிறிய இலத்திரனியல் தராசு வாங்குங்கள். பழைய கேக் குறிப்புகளில் பட்டர் இறாத்தலிலும் முந்திரிகை வற்றல் அவுன்சிலும் எழுதப்பட்டிருக்கும்; ஓர் இறாத்தல் ஏறத்தாழ 454 கிராம் என்பதால், அலகை மாற்றும் பொத்தான் உள்ள தராசு அவருக்குப் பெரிய உதவியாக இருக்கும். கடையிலேயே, திறக்காத 500 மில்லிலீற்றர் தண்ணீர்ப் போத்தலை அதன்மேல் வைத்துப் பாருங்கள். போத்தலின் பாரமும் சேர்வதால் 500 கிராமுக்குச் சற்று மேலே காட்ட வேண்டும். குறைத்துக் காட்டினால் அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

நகர வாசகர்: கனடாவிலிருந்து அண்ணா கொண்டுவந்த பிளெண்டரை மாற்று பிளக் போட்டு ஓட்டினேன். ஒரு நிமிடத்தில் கருகிவிட்டது. யாரிடம் முறையிடலாம்?

யாரிடமும் இயலாது. அங்கு வீட்டு மின்சாரம் 120 வோல்ற், இங்கு இலங்கையில் 230. மாற்று பிளக் முள்ளின் வடிவத்தைத்தான் மாற்றும், மின்னழுத்தத்தை மாற்றாது. எத்தனை வோல்ற் என்பது பொருளின் அடிப்பகுதியில் எழுதப்பட்டிருந்திருக்கும். அண்ணாவும் வாசிக்கவில்லை, நீங்களும் வாசிக்கவில்லை.

மூதூர் வாசகி: அம்மாவுக்குப் பரிசாக வாங்கிய மின் தேங்காய்த் துருவி பன்னிரண்டாம் நாள் புகைந்து நின்றுவிட்டது. பற்றுச்சீட்டு இல்லையென்று கடைக்காரர் கையை விரிக்கிறார். உத்தரவாத அட்டையில் முத்திரையும் இல்லை.

உங்கள்மேல் எனக்குக் கோபமில்லை. பண்டிகை நெரிசலில் "பில் போட்டால் விலை கூடும்" என்று சொல்லிப் பொருளைக் கையில் திணித்து அனுப்பும் வழக்கத்தின்மேல்தான் பல வருடக் கோபம். வாங்குபவர் கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுப்பது 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின்படி வியாபாரியின் கடமை. அது அவர் நமக்குச் செய்யும் தயவு அன்று. பெட்டிக்குள் கிடக்கும் உத்தரவாத அட்டையும், கடையின் முத்திரையும் திகதியும் விழும்வரை வெறும் அச்சுத்தாள்தான். நானே ஒரு முறை கேட்கக் கூச்சப்பட்டு, முத்திரையில்லாத அட்டையோடு சோறு சமைக்கும் மின்குக்கர் ஒன்றை வாங்கிவந்து, மூன்றாம் மாதம் அதில் அரிசி போட்டு வைக்கத் தொடங்கினேன்.

உங்களுக்கு இன்னும் வழி இருக்கிறது. கடையின் பெயர் அச்சிட்ட பை, வங்கி அட்டையில் செலுத்திய குறிப்பு, கைப்பேசிச் செய்தி, உடன் வந்தவரின் சாட்சியம் ஆகியவற்றில் எது இருந்தாலும் சேர்த்து, வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதங்களுக்குள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறையிடுங்கள். 1977 என்ற இலக்கத்தில் அழைத்தும் விசாரிக்கலாம். "கூடுதலாக ஓட்டிவிட்டீர்கள்" என்று கடைக்காரர் சொன்னால், தொடர்ந்து எத்தனை நிமிடம் ஓட்டலாம் என்று கையேட்டில் எங்கே எழுதியிருக்கிறது எனக் காட்டச் சொல்லுங்கள். அதுவரை அம்மாவின் பழைய திருவலையை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்.

நிலாவெளி வாசகர்: காந்தம் ஒட்டாவிட்டால் நல்ல எவர்சில்வர் என்கிறார்களே?

அதை மட்டும் நம்ப வேண்டாம். நிக்கலைக் குறைத்து மங்கனீசு சேர்த்த மலிவு வகையிலும் காந்தம் பெரும்பாலும் ஒட்டாது, ஆனால் நமது கடற்கரையின் உப்புக்காற்றில் அது விரைவில் புள்ளி புள்ளியாகத் துருப்பிடிக்கும். நண்டும் கணவாயும் வெட்டவென்று நான் ஆசையாக வாங்கிய கத்தரிக்கோல் ஒரு மாரியைத் தாண்டவில்லை. 304 அல்லது 18/8 என்ற குறி உள்ளதைத் தேடுங்கள். அந்தக் குறியையும் பொய்யாகப் பொறிக்க முடியும் என்பதால், ஊரில் நிலையாகக் கடை வைத்திருப்பவரிடம் வாங்குங்கள்.

கிண்ணியா வாசகர்: மீன் சமைப்பதில் விருப்பமுள்ள தம்பிக்கு, பற்றரியில் ஓடும் செதில் சீவும் கருவி வாங்கலாமா?

வேண்டாம். என்னிடம் ஒன்று இருக்கிறது. அதை ஓட்டிய அன்று விளமீனின் செதில்களைச் சுவரிலிருந்து உரித்தெடுக்க ஒரு பிற்பகல் போயிற்று.