மகளுக்கும் ஒன்று

கேள்வி: என் கணவருக்கு வயது 46, எடை 86 கிலோ. ஸ்கேனில் ஃபேட்டி லிவர் கிரேடு 2 என்று வந்தது. கொடம்புளிச் சத்து கொழுப்பு செல்லையே கரைக்கும் என்று ஆராய்ச்சியில் கண்டிருப்பதாகப் படித்து, மூன்று மாதமாகத் தினம் மூன்று காப்ஸ்யூல் கொடுக்கிறேன். எடை இறங்கவில்லை. 13 வயது மகளும் கொஞ்சம் பூசினாற்போல் இருப்பதால் இரவில் அவளுக்கும் ஒன்று. அளவைக் கூட்டலாமா?
- ஒரு வாசகி, நாகர்கோவில்

பதில்: கணவரின் வயது, எடை, ஸ்கேன் எல்லாம் எழுதிய நீங்கள், மகளின் உயரம், எடைகூட எழுதவில்லை. எந்த டாக்டர் அவளைப் பார்த்தார்? 'பூசினாற்போல்' என்பது எந்த நோய்க்குப் பெயர்? பூப்பெய்தும் வயதில் பெண்பிள்ளையின் உடம்பு கொழுப்பைச் சேர்க்கத்தான் செய்யும். அம்மா நீட்டுவதைப் பிள்ளை கேள்வி கேட்காமல் விழுங்கும். அதனாலேயே உங்கள் கைக்கு இரட்டிப்புப் பொறுப்பு.

நீங்கள் படித்தது போன்ற சோதனைகள் பெரும்பாலும் 3டி3-எல்1 எனப்படும் எலிக்கரு செல்களில் நடப்பவை. இன்சுலினும் டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தும் கொடுத்து, எட்டுப் பத்து நாளில் அவற்றைக் கொழுப்பு செல்லாக்குவார்கள். மூலிகைச் சாற்றை அந்தத் தட்டிலேயே விட்டு, பிறகு சாயம் ஏற்றுவார்கள். கொழுப்புத் துளிகள் மிளகாய்ப்பொடி தூவியதுபோல் சிவந்து தெரியும். சிவப்பு குறைந்தால் கொழுப்பு சேரவில்லை என்று அர்த்தம். செல் செத்துப்போனாலும் சிவப்பு குறையும் என்பதால் அதைத் தனியே சோதிக்க வேண்டும். அந்தத் தட்டில் குடலும் இல்லை, ஈரலும் இல்லை, வளர்கிற பிள்ளையும் இல்லை.

கொடம்புளித் தோலிலுள்ள ஹைட்ராக்ஸி சிட்ரிக் அமிலம், சர்க்கரையைக் கொழுப்பாக்கும் வழியில் ஒரு என்சைமைத் தடுப்பது உண்மை. புதுக் கொழுப்பு உண்டாவதைத்தான் அது தடுக்கும், இருப்பதைக் கரைக்காது. 1998-இல் அமெரிக்காவில் 135 பேரை வைத்து 12 வாரம், தினம் 1,500 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்தார்கள். மருந்தே இல்லாத வெறும் மாத்திரை விழுங்கியவர்களைவிட எடை கூடுதலாகக் குறையவில்லை. கொழுப்பு செல் கொழுப்பை வாங்கி வைக்காவிட்டால் அது ஈரலில் போய்ப் படியும் என்பதையும் யோசியுங்கள். பிறவியிலேயே கொழுப்பு செல் இல்லாதவர்கள் ஒல்லியாக இருந்தும் அவர்களுக்கு ஃபேட்டி லிவர் வருவது அப்படித்தான்.

இந்தக் காப்ஸ்யூலால் சிலருக்கு ஈரலே கெட்டிருக்கிறது. மாற்று ஈரல் வைக்கும் நிலை வரை போயிருக்கிறது. பெரும்பாலும் தொடங்கி ஒன்று முதல் நான்கு மாதத்துக்குள். உங்கள் வீட்டில் இப்போது மூன்றாம் மாதம்.

அளவைக் கூட்டுவதா? இன்றே இருவருக்கும் நிறுத்துங்கள். டப்பாவை எறியாமல், லேபிளோடு டாக்டரிடம் கொண்டுபோங்கள். இருவருக்கும் ஈரல் கெட்டிருக்கிறதா என்று காட்டும் ரத்தப் பரிசோதனைகளான எஸ்ஜிபிடி, பிலிரூபின் பாருங்கள். சிறுநீர் கட்டன்சாயா (பால் விடாத டீ) நிறத்தில் போனாலோ, கண் மஞ்சளானாலோ, உடம்பு அரித்தாலோ, சாப்பாடு பிடிக்காமல் போனாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி. மீன்குழம்பில் போடும் இரண்டு துண்டு கொடம்புளிக்குப் பயப்பட வேண்டாம்.

கணவருக்கு வேண்டியது 6 முதல் 8 கிலோ குறைப்பு. ஈரல் கொழுப்பு இறங்க அது போதும். சோற்றைப் பாதியாக்கி, காயைக் கூட்டி, சர்க்கரை போட்ட டீயையும் மதுவையும் விட்டு, தினம் அரைமணி வேகநடை. அந்தச் சாப்பாடே வீட்டில் எல்லாருக்கும். மகளுக்கென்று தனித்தட்டு வைக்காதீர்கள். அவள் எடை சரியா என்பதைக் குழந்தை டாக்டர் வளர்ச்சி அட்டவணையில் பார்த்துச் சொல்லட்டும்.

இன்றிரவு, காப்ஸ்யூல் கொடுக்கும் நேரத்தில், அவள் அப்பாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்லுங்கள்: "உனக்கு ஒரு குறையும் இல்லம்மா. நான்தான் டாக்டரைக் கேட்காமல் கொடுத்துவிட்டேன்."